எதிரணி கோல்கீப்பரின் பெயர்

டெல்மோர், சஸ்காச்சுவான்
18 ஜனவரி 1988

தம்பி ஓரெஸ்டுக்கு,

போன் செய்திருப்பேன். ஆனால் எந்த ஊர் அணி பெரிது என்று கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேஜையில் நடந்த கூத்துக்குப் பிறகு உன் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. கடிதத்தில் ஒரு வசதி உண்டு. நான் பேசி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

இந்த வாரப் பத்திரிகை வந்தது. நம் மாகாணத்து ஜூனியர் ஐஸ் ஹாக்கியில் சிறந்த அரங்கம் எது என்று வாசகர்களைக் கேட்டிருந்தார்கள் அல்லவா? யாரோ ஒரு மேதாவி கிங்ஸ்பர்ன் அரங்கம்தான் என்று எழுதியிருக்கிறான். மெத்தை வைத்த நாற்காலியாம். உள்ளே கோட்டைக் கழற்றிவிட்டு உட்காரலாமாம். ஸ்கோர் பலகையில் படமெல்லாம் ஓடுமாம். கடைசி வரியில், 'டெல்மோர் போன்ற ஊர்களில் இன்னும் தகரக் கொட்டகையில்தான் ஆடுகிறார்கள், பாவம்' என்று இரக்கம் வேறு. யாரடா இவன் என்று கீழே பார்த்தால் உன் பெயர்.

பாவமா? எந்தத் தகரக் கொட்டகையில் நீ நடக்கப் பழகினாயோ, எந்தக் கொட்டகையில் உன் மகன் டேரன் முதல் தடவை சறுக்குக் காலணி கட்டினானோ, அது பாவமா? நீ வேலைக்காக ஊரை விட்டுப் போனாய், சரி. வீட்டை மாற்றினாய், சரி. அணியை மாற்ற உனக்கு யார் அனுமதி கொடுத்தது?

எங்கள் அரங்கத்தில் கூரையிலிருந்து உறைபனி உருகிச் சொட்டும், ஒத்துக்கொள்கிறேன். என் இருக்கைக்குப் பின்னால், பனித்தரையை மெழுகும் வண்டி வெளியே போகிற பெரிய கதவை நாலைந்து பேர் சேர்ந்து தள்ளினால்தான் அது முழுசாக மூடும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் மூலைப் பலகை மாதிரி ஒன்று உன் ஊரில் உண்டா? ரப்பர் வட்டு அதில் பட்டால், மற்ற ஊர்களில் போல ஓரமாக வளைந்து ஓடாது, கோல் வாசலுக்கு நேரே துள்ளி வந்து விழும். வெளியூர்க்காரன் ஒவ்வொருவனும் அதில் ஏமாறுவான். எங்கள் கடையில் வெங்காயம் வதக்கிப் போட்ட, உருளைக்கிழங்கு பொதிந்த பெரோகிக் கொழுக்கட்டை கிடைக்கும். உங்கள் கடையில் என்ன, பாக்கெட்டில் அடைத்த காற்றா?

எல்லாவற்றுக்கும் மேல், எங்களுக்குக் குரல் இருக்கிறது. எதிரணி கோல்கீப்பரின் பெயரை நாங்கள் இழுத்துப் பாட ஆரம்பித்தால் அவன் முதுகுத்தண்டு கூசும். கிங்ஸ்பர்னில் கைதட்டக்கூடப் பலகையில் படம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று கேள்வி.

பத்திரிகைக்கு நானும் எழுதப் போகிறேன்.

உன் அக்கா
நெட்டி

---

கிங்ஸ்பர்ன்
29 ஜனவரி 1988

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. படிக்கும்போதே காது வலித்தது. நீ பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாயா, இல்லை கத்திக்கொண்டே பிள்ளைகளைத் தூக்கிப் போகிறாயா என்று உன் தம்பி பெண்டாட்டி ஜாய்ஸ் கேட்கிறாள்.

நான் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. போன வாரம் இங்கே ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது என் கால் விரல்கள் எல்லாம் என்னுடன் இருந்தன. டெல்மோரில் ஒரு ஆட்டம் முழுக்க உட்கார்ந்தவன் யாராவது அப்படிச் சொல்ல முடியுமா? அந்தக் கதவு வழியாக வரும் காற்றில் உனக்கு ஒவ்வொரு பிப்ரவரியிலும் காய்ச்சல் வரும். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வாய். மூலைப் பலகை கோணல் என்றால் தச்சனைக் கூப்பிட வேண்டும். அதற்குக் கொடி பிடிப்பது உங்கள் ஊரில் மட்டும்தான்.

அணியை மாற்ற யார் அனுமதி கொடுத்தது என்று கேட்கிறாய். என் மகன் கிங்ஸ்பர்னுக்கு ஆடுகிறான், அக்கா. வேறு எந்த அணிக்கு நான் கைதட்ட வேண்டும்?

அவனைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். இந்த மாதத்திலிருந்து டேரன்தான் முதல் கோல்கீப்பர். இதுவரை அந்த இடத்தில் ஆடிய பெரிய பையனுக்கு முழங்கால் போய்விட்டது. டேரன் நன்றாக ஆடுகிறான். நான் அப்பன் என்பதற்காகச் சொல்லவில்லை, பயிற்சியாளரே சொல்கிறார்.

கணக்குப் பார்த்தால் மார்ச்சில் முதல் சுற்றிலேயே நம் இரண்டு அணியும் மோதும் போலிருக்கிறது. அப்படி அவன் உங்கள் ஊருக்கு வந்து ஆடினால், நீ அந்தப் பாட்டை ஆரம்பிக்கக் கூடாது. அவனுக்கு வயது பதினெட்டு. உன் மடியில் உட்கார்ந்து பெரோகி தின்ற பையன். எனக்காக இந்த ஒரு விஷயம் செய்.

ஓரெஸ்ட்

---

டெல்மோர்
8 பிப்ரவரி 1988

ஓரெஸ்ட்,

முடியாது.

காரணம் கேட்பாய், அதனால் எழுதுகிறேன். நாங்கள் யாரையும் திட்டுவதில்லை. அவன் அம்மாவை இழுப்பதில்லை, காசை எறிவதில்லை. வேறு சில ஊர்களில் இதெல்லாம் நடக்கிறது, உனக்கே தெரியும். நாங்கள் ஒரு பெயரைச் சொல்கிறோம். அவ்வளவுதான். அந்தக் கோல் வாசலில் வந்து நிற்கிறவன் பிரதம மந்திரியின் மகனாக இருந்தாலும் சொல்வோம். என் தம்பி மகன் என்று ஒருவனை மட்டும் விட்டுவிட்டால், மற்ற பையன்களுக்கெல்லாம் அத்தை இல்லையா?

எனக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நெட்டி

பி.கு. அவன் முதல் கோல்கீப்பர் ஆனதைக் கேட்டு பேருந்தை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்சம் அழுதேன். இதை அவனிடம் சொல்லாதே.

---

கிங்ஸ்பர்ன்
9 மார்ச் 1988

நெட்டி,

நேற்று நீ செய்ததை நான் மறக்க மாட்டேன்.

ஐந்து கோல். ஐந்தும் உன் குரலுக்குப் பிறகு விழுந்தவை. முதலில் நீ தனியாக எழுந்து நின்றாய். 'டே... ரன்... டே... ரன்...' என்று இரண்டே சுருதியில், ஏதோ பள்ளிக்கூடத்தில் திக்குவாய்ப் பையனைக் கேலி செய்வது மாதிரி. பிறகு ஊரே சேர்ந்துகொண்டது. நானும் ஜாய்ஸும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த கிழவர் திரும்பி, "அந்தப் பையன் பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்றார். பெற்றவன் நான்தான் என்று எப்படிச் சொல்வேன்?

திரும்பி வரும்போது வண்டியில் அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் லீக் அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். விளையாடுகிற பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூட்டமாகத் தாக்குவதைத் தடை செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். டெல்மோர் அரங்கத்தின் பெயரைப் போட்டே எழுதியிருக்கிறேன்.

ஈஸ்டருக்கு நீ வர வேண்டாம். ஜாய்ஸுக்கு உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

ஓரெஸ்ட்

---

டெல்மோர்
14 மார்ச் 1988

கோள்மூட்டி ஓரெஸ்டுக்கு,

உன் வேலை பலித்துவிட்டது. இன்று காலை அரங்கத்து வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். 'அரங்கத்தின் உள்ளே எந்த ஆட்டக்காரரின் பெயரையும் கூட்டமாகக் கூவுவது தடைசெய்யப்படுகிறது. மீறுபவர் வெளியேற்றப்படுவார், பருவம் முழுவதற்குமான இருக்கைச் சீட்டு பறிக்கப்படும்.' லீக் சொன்னது என்று மேனேஜர் சொல்கிறார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் ஒட்டினார். எல்லோருக்கும் போட்ட சட்டம் என்றாலும் ஒரே ஒரு ஆளுக்குத் தைத்த சட்டை அது.

லாயிட் ஞாபகம் இருக்கிறதா, என் பேருந்தில் பள்ளிக்குப் போன ஒல்லிப் பையன்? இப்போது அரங்கத்தில் எங்கள் இருக்கைப் பக்கத்துக்கு அவன்தான் காவல். வந்து தலையைச் சொறிந்தான்.

"நெட்டிக்கா, இந்த ஒரு ஆட்டம் மட்டும் வாயை மூடிக்கிட்டு உக்காந்துருங்க. உங்களை வெளிய தள்ளுற பாவம் எனக்கு வேணாம்."

"உன் பாவத்துக்கு நான் என்னடா பண்றது? வேலை பாக்க வந்தா வேலையைப் பாரு" என்றேன்.

அந்த இருக்கை எனக்கு எப்படி என்று உனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் ஸ்டீவ் செத்த வாரம்கூட நான் அங்கேதான் உட்கார்ந்தேன். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். பக்கத்து இருக்கைக்காரர்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சூடான தட்டை மடியில் வைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்த்தார்கள். அந்த இடத்தைத்தான் நீ பிடுங்கப் பார்க்கிறாய்.

இந்தச் சுற்றில் இரண்டு அணியும் ஆளுக்கு இரண்டு ஆட்டம் வென்றாகிவிட்டது. கடைசி ஆட்டம் சனிக்கிழமை, எங்கள் கொட்டகையில். நான் கத்துவேன். நோட்டீஸைப் படித்தேன், நன்றாகப் புரிந்தது, கத்துவேன். இருக்கை போனால் போகட்டும்.

ஈஸ்டர் ரொட்டியை நானே சுட்டு நானே தின்றுகொள்கிறேன்.

நெட்டி

---

கிங்ஸ்பர்ன்
16 மார்ச் 1988

அக்கா,

சண்டை போட எழுதவில்லை.

நேற்று டேரன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் வரவில்லை. ஜாய்ஸ் போய்க் கதவில் காதை வைத்திருக்கிறாள். உள்ளே அவன் தன் பெயரையே இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தானாம். உங்கள் ஊர்க்காரர்கள் சொல்வது போலவே. அவள் அடுப்படியில் வந்து உட்கார்ந்து அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

உன் இருக்கையை நான் பிடுங்க நினைக்கவில்லை. ஸ்டீவ் அத்தானை நான் மறந்துவிடவில்லை. நோட்டீஸ், லீக் எல்லாவற்றையும் தூக்கி எறி. நான் தம்பியாகக் கேட்கிறேன். அந்தப் பிள்ளை உடைந்துபோய்விடுவான். சனிக்கிழமை மட்டும் சும்மா இரு.

ஓரெஸ்ட்

---

டெல்மோர்
20 மார்ச் 1988

தம்பி,

இந்தக் கடிதத்தை உடனே படித்து உடனே பதில் போடு. இந்த ஊரில் என்னோடு பேச ஆளில்லை. இன்று கோயில் வாசலில்கூட இரண்டு பேர் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எங்கள் அணி தோற்றதற்கு நான்தான் காரணமாம். அவர்கள் சொல்வதில் தப்பும் இல்லை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நோட்டீஸுக்கு நான் பயந்தவள் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குளியலறை விஷயம் என்னை மடக்கிவிட்டது. போய் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை.

நான் ஆரம்பிக்காததால் யாரும் ஆரம்பிக்கவில்லை. கொட்டகை முழுக்க ஆள், ஆனால் சாவு வீட்டில் கூடியது மாதிரி இருந்தது. முதல் இரண்டு பகுதியில் டேரன் மூன்று கோல் வாங்கினான். எல்லாம் சாதாரண அடி, எங்கள் பேருந்துப் பிள்ளைகளே தடுத்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் மூன்று, உங்கள் ஆட்கள் இரண்டு. நான் சும்மா இருந்தும் அவன் ஏன் இப்படி ஆடுகிறான் என்று எனக்குக் குழப்பம்.

கடைசிப் பகுதிக்கு அவன் மறுபடி என் பக்கத்துக் கோல் வாசலுக்கு வந்தான். பனியைக் காலால் சுரண்டிவிட்டு, நேரே என் முன்னால் கண்ணாடித் தடுப்பின் இடுக்குக்கு வந்து முகமூடியைத் தூக்கினான்.

"அத்தை, நான் அவ்வளவு மோசமாவா ஆடுறேன்?"

"யாருடா சொன்னது? போ, போய் நில்லு."

"யாரும் ஒண்ணும் சொல்லலையே, அதான் கேக்குறேன். முத ஆட்டத்துல அப்படிக் கத்துனீங்க. இன்னைக்கு என்னைப் பாத்தா பயமே இல்லையா?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது, ஓரெஸ்ட். உனக்கும் எனக்கும் மறந்தே போய்விட்டது. சொத்தைக் கீப்பர் பெயரை நாம் எப்போதாவது சொல்லியிருக்கிறோமா? வீணாக யார் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார்கள்? நல்ல கீப்பராக இருந்தால்தான், அவனை எப்படியாவது அசைத்தாக வேண்டும் என்றால்தான், பெயரைச் சொல்வோம். அவன் என் மடியில் உட்கார்ந்து கற்றது அதுதான். ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் என்ன நினைப்பான்?

"உங்கப்பன் வேணாம்னு எழுதுனான்டா" என்றேன்.

"அப்பா சொன்னா நீங்க கேட்டுருவீங்களா? போங்கத்தை. உங்களுக்கு வயசாயிடுச்சு."

சிரித்துக்கொண்டே முகமூடியை இறக்கிவிட்டுப் போனான், திருட்டுப் பயல்.

எனக்கு வயதாகிவிட்டதாம்! எழுந்தேன். அடிவயிற்றிலிருந்து, 'டே... ரன்...' என்று இழுத்தேன். ஒரு ஆள் சேரவில்லை. எல்லோருக்கும் சீட்டு போய்விடும் என்ற பயம். மறுபடி இழுத்தேன். லாயிட் ஓடி வந்தான்.

"நெட்டிக்கா, எந்திரிங்க, மேனேஜர் பாக்குறாரு."

"தூக்க முடிஞ்சா தூக்கிட்டுப் போ."

"நான் இருக்குற இருப்புக்கு உங்களைத் தூக்க முடியுமாக்கா? நீங்களா வாங்க, புண்ணியமாப் போகும்."

அவனுக்காக எழுந்து போனேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. வண்டியை நோக்கி நடந்தவள், வழியில் நின்றேன். நோட்டீஸில் என்ன எழுதியிருந்தது? 'அரங்கத்தின் உள்ளே.' கட்டடத்தைச் சுற்றிப் போனேன். பனி வண்டி சுரண்டிக் கொட்டிய குவியல் மேல் ஏறி நின்றால் அந்தப் பெரிய கதவின் இடுக்கு சரியாக வாய்க்கு நேரே இருந்தது. உள்ளே பார்த்தால் டேரனின் முதுகு. நான் வெளியே நிற்கிறேன். எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. உயிரைக் கொடுத்துக் கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் கதவை உள்ளிருந்து தள்ளி மூடிவிட்டார்கள். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. தகரத்தில் காதை வைத்துப் பார்த்தேன், காது ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். நான்கு மூன்று என்று ஸ்கோரை ரேடியோக்காரன் சொல்லிவிட்டான். ஸ்கோர் எனக்கு வேண்டாம். கதவை மூடிய பிறகு என்ன நடந்தது? அவன் எப்படி ஆடினான்? எழுது.

நெட்டி

---

கிங்ஸ்பர்ன்
24 மார்ச் 1988

அன்புள்ள அக்கா,

எழுதுகிறேன். ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

லாயிட் உன்னை அழைத்துப் போனதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். நல்ல வேளை என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் சுவரிலிருந்து உன் குரல் வந்தது. ஜாய்ஸ் என் கையைப் பிடித்தாள். காவலர்கள் ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பெஞ்சுக்கு அடியில் எல்லாம் தேடினார்கள். மேனேஜர் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார், குரல் நிற்கவில்லை. ஒரு சின்னப் பெண், "அம்மா, கட்டடமே பேசுது" என்றாள். அப்போதுதான் ஜனங்கள் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் பயம் போய்விட்டது. உன் பக்கத்து வரிசையிலிருந்து ஒருவர் சேர்ந்தார், பிறகு ஒரு பத்துப் பேர்.

நான் டேரனைப் பார்த்தேன். தோளைக் குலுக்கிக்கொண்டு குனிந்து நின்றான். அதற்குப் பிறகு அவனைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. இதற்கிடையில் எங்கள் ஆட்கள் ஒரு கோல் போட்டு மூன்றுக்கு மூன்று ஆக்கினார்கள்.

அப்போதுதான் நாலு காவலர்கள் போய்க் கதவைத் தள்ளி மூடினார்கள். உன் குரல் பாதிப் பெயரில் அறுந்தது. 'டே...' என்று மட்டும் வந்து நின்றுவிட்டது. பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியே அடங்கிவிட்டது. டேரன் திரும்பிக் கதவைப் பார்த்தான். முகமூடி இருந்தாலும் எனக்கு அவன் முகம் தெரிந்தது. நான் அவன் அப்பன்.

அக்கா, மிச்சப் பாதியை நான் சொன்னேன்.

எழுந்து நின்று, கிங்ஸ்பர்ன் ஜாக்கெட்டோடு, உன் ஊர்க்காரர்கள் நடுவில், '...ரன்' என்று கத்தினேன். ஜாய்ஸ் என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்தாள். மறுபடி கத்தினேன். எனக்கு உன் சாரீரம் இல்லை, குரல் ஆடு கத்துவது போல வந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் திரும்பி, "யோவ், அது உங்க ஊர்ப் பையன்யா" என்றார். "எங்க வீட்டுப் பையனே அவன்தாங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எழுந்து நின்று தானும் ஆரம்பித்தார். அவ்வளவுதான், கொட்டகையே எழுந்துவிட்டது. எத்தனை பேரை வெளியே தள்ள முடியும்? லாயிட் என்னிடம் வந்தான். "நீங்க நெட்டிக்கா தம்பிதானே? குடும்பமே இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

நாங்கள் நான்காவது கோல் போட்டோம். கடைசி நிமிடத்தில் உங்கள் ஆள் ஒருவன் வட்டை வேண்டுமென்றே அந்தக் கோணல் மூலையில் அடித்தான். எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் அது ஓரமாக வரும் என்று சுவர்ப்பக்கம் ஓடினார்கள். வாசலுக்கு முன்னால் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் தயாராக நிற்கிறார்கள். டேரன் மட்டும் மூலையைப் பார்க்கவே இல்லை. வட்டு எங்கே வந்து விழுமோ அங்கே முன்னாலேயே விழுந்து படுத்துவிட்டான். அது அவன் நெஞ்சுக்கு அடியில் வந்து நின்றது. அந்த மூலையோடு வளர்ந்தவனைத் தவிர யாராலும் அது முடியாது. உன் அரங்கம்தான் எங்களை ஜெயிக்க வைத்தது. எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

வண்டியில் அவனிடம் குளியலறை விஷயத்தைக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். "பழகிட்டு இருந்தேம்பா. அத்தை எப்படி இழுப்பாங்கன்னு பாத்துக்கிட்டா மூச்சை அதுக்கேத்த மாதிரி வெச்சுக்கலாம்ல?" என்றான். முதல் ஆட்டத்துக்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டானே, அதற்கும் அவன் வேறு காரணம் சொன்னான். டெல்மோர் தன் பெயரைச் சொன்னதில் அவனுக்கு அழுகை வந்துவிட்டதாம். ஐந்து கோல் வாங்கிவிட்டுச் சந்தோஷப்படுகிறான் என்று நான் திட்டுவேன் என்று மறைத்தானாம்.

நானும் ஜாய்ஸும் இரண்டு முட்டாள்கள். ஈஸ்டருக்கு வா. ஜாய்ஸ் சொல்லச் சொன்னாள், நானும் சொல்கிறேன்.

ஓரெஸ்ட்

---

டெல்மோர்
30 மார்ச் 1988

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பேருந்தில் வைத்தே படித்தேன். பிள்ளைகள் ஏறியும் நான் வண்டியை எடுக்கவில்லை. "நெட்டி ஆன்ட்டி அழுவுறாங்க" என்று ஒன்று கத்தியது. 'நெட்... டி... நெட்... டி...' என்று எல்லாம் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டன. வீட்டு வாசல் வரைக்கும் விடவில்லை. கோபப்பட்டது போல் கண்ணாடியில் முறைத்தேன். எனக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு விம்மியது, அதை அவர்களிடம் சொல்லவில்லை.

என் இருக்கை போய்விட்டது. மேனேஜர் கூப்பிட்டு, மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் அடுத்த பருவத்துக்குத் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

"எதுக்கு மன்னிப்பு?" என்றேன்.

"உள்ள கத்துனதுக்கு."

"உள்ள ரெண்டு தடவைதான் கத்துனேன். மிச்சமெல்லாம் வெளிய. ரெண்டுக்கு மட்டும் எழுதித் தரட்டுமா?"

"நெட்டி, விளையாடாதீங்க. வெளிய நின்னு கத்துனதுதான் பெரிய தப்பு."

"வெளிய நிக்கிறதுக்கு உங்ககிட்ட சீட்டு வாங்கணுமா?"

எழுதித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த பருவம் அந்தப் பனிக்குவியல் மேல் நின்று பார்ப்பேன். லாயிட் ஒரு மரப்பெட்டி கொண்டுவந்து போடுகிறேன் என்று ரகசியமாகச் சொல்லியிருக்கிறான். கதவை யார் தள்ளி மூடுகிறார்கள் என்று பார்க்கிறேன். அந்த நாலு பேரில் மூன்று பேர் என் பேருந்தில் வளர்ந்தவர்கள்.

ஊர் ஜனங்களும் மெல்லப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தோற்ற கோபம் இருக்கிறது. ஆனால் அந்த இரவு மாதிரி சத்தம் இந்தக் கொட்டகை கேட்டதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள்.

நம் கோயில் கணக்கில் ஈஸ்டர் பத்தாம் தேதிதானே, வருகிறேன். முந்தின நாள் சனிக்கிழமை உங்கள் அரங்கத்தில் அடுத்த சுற்று ஆட்டம் இருக்கிறதாமே. வந்த இடத்தில் பார்த்துவிடுகிறேன். ஒரு நிபந்தனை. எதிரணி கீப்பர் நல்லவனாக இருந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தாலும் எனக்குத் தொண்டை ஒன்றுதான்.

நெட்டி

---

கிங்ஸ்பர்ன்
4 ஏப்ரல் 1988

அக்கா,

ஒரு கெட்ட செய்தி. எங்கள் அரங்கத்து வாசலிலும் அதே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நான் எழுதிய புகாரை வைத்து லீக் எல்லா ஊருக்கும் ஒரே சட்டமாகப் போட்டுவிட்டது. வாபஸ் வாங்குகிறேன் என்று இரண்டு தடவை எழுதினேன், பதிலே இல்லை. ஆகவே இந்தச் சட்டத்துக்கு அப்பன் நான்தான். ஜாய்ஸ் தினமும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ்பர்ன் அரங்கத்தைச் சுற்றி நடந்தேன். உன்னை வெளியே தள்ளினால் நீ எங்கே நின்று கத்துவாய் என்று பார்க்கத்தான் போனேன். நாலு பக்கமும் கான்கிரீட். பனி வண்டிக்கு மின்சாரக் கதவு, ரப்பர் விளிம்போடு இறுக்கமாக மூடுகிறது. கையால் தடவிக்கூடப் பார்த்தேன். காற்றுப் போக ஒரு இடுக்கு இல்லை. என்ன கட்டடம் கட்டியிருக்கிறார்கள், அக்கா! இதைத்தான் நான் பத்திரிகையில் அவ்வளவு புகழ்ந்து எழுதினேன்.

பத்திரிகைக்கு மறுபடி எழுதிப் போட்டுவிட்டேன். சிறந்த அரங்கம் எது என்பதில் முன்பு எழுதியது தவறு, டெல்மோர்தான் என்று. நீ பத்திரிகைக்கு எழுதியதை அவர்கள் போடவில்லை என்றாலும் என்னுடையதையாவது போடட்டும்.

ஆக, சனிக்கிழமை நமக்கு வெளியே நிற்க வழியில்லை. உள்ளேயே இருந்து கத்த வேண்டியதுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை எடுத்திருக்கிறேன், எதிரணி கோல் வாசலுக்கு நேர் பின்னால். அவர்கள் உன் கையைப் பிடித்தால் நான் நாற்காலியைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறேன். என் கையைப் பிடித்தால் நீ தொடர்ந்து கத்து. இரண்டு பேரையும் தள்ளினால் மிச்சத்தை ஜாய்ஸ் பார்த்துக்கொள்வாள். அவள் ஒரு வாரமாக அடுப்படியில் பழகுகிறாள்.

எதிரணி கீப்பரைப் பற்றி டேரனிடம் விசாரித்தேன். பெயர் மார்க்கோவாம். மார்க்... கோ... என்று சொல்லிப் பார், இழுக்க எவ்வளவு வசதியாக இருக்கிறது!

ரொம்ப நன்றாக ஆடுகிறானாம், அக்கா.

ஓரெஸ்ட்